கட்டுப் பிரிக்கும் காலை

கட்டைப் பிரித்ததும் எல்லோரும் முதலில் விலிமைனாவைத்தான் பார்ப்பார்கள். கண்புரை அறுத்த மறுநாள் காலையில், டாக்டர் வருமுன் பிளாஸ்திரியை உரித்து, இமையைத் துடைத்து, "மெதுவா திறங்க" என்று சொல்வது உதவியாளரான அவளுடைய வேலை. அபெனிசா கிழவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்க்கவில்லை. அவள் இடுப்புக்குப் பக்கத்தில், வெற்றிடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பாவுக்கும் ஆபரேஷனா?"

"எந்தப் பாப்பா, தாத்தா? ராத்திரி எங்களுக்குத் தெரியாம கவா குடிச்சுப் போதை ஏத்திக்கிட்டீங்களா?"

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். தவேயுனித் தீவில் கண் முகாம் நடந்த அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் மருந்து வாடையோடு சேற்று வாடையும் எங்கிருந்தோ வந்து கலந்திருந்தது. தகரக் கூரையில் மழை விடாமல் கொட்ட, அதன் ஊடே ஈரப் பாதங்கள் தரையில் ஒட்டி ஒட்டி எடுக்கும் சத்தம் அவள் பின்னாலேயே வந்தது, அவள் நின்றால் நின்றது.

அடுத்து லைசா. கட்டு விலகியதும் முகம் சுளித்தாள்.

"என்னம்மா நீ? ஊருக்கெல்லாம் கட்டுப் பிரிக்கிற. அச்சு அசலா உன் ஜாடையில ஒரு பிள்ளை ரெண்டு கண்ணையும் ஒட்டிக்கிட்டு நிக்குது. தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்."

விலிமைனாவின் கையிலிருந்த பஞ்சு விழுந்தது. போன புயலில் ஆறு அடித்துக்கொண்டுபோன மகள் அசேனாவைக் கரையில் கண்டெடுத்தபோது கண்கள் மூட மறுத்தன. பெற்றவளால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தினமும் செய்கிற வேலைதானே என்று இமைகளை இழுத்து மூடிப் பிளாஸ்திரி ஒட்டினாள். பாயில் சுற்றிப் புதைக்கும்போது உரிக்க மறந்துவிட்டாள்.

பிள்ளை ஒரே ஒரு தடவை தன்னைப் பார்த்துவிட்டுப் போகட்டும். வேறொன்றும் வேண்டாம் விலிமைனாவுக்கு.

மண்டி போட்டாள். ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டினாள். சில்லென்று ஒரு கன்னம். ஆற்று மணல். பிளாஸ்திரியின் ஓரம்.

"அம்மாதாண்டி தங்கம். மெதுவா திற."

உரித்தாள். அடியில் இன்னொன்று. அதையும் உரித்தாள். இன்னொன்று. சின்னக் கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது.

"அம்மா, இன்னும் இருட்டாவே இருக்கு."

மண்டபத்தில் பார்வை கிடைத்த கண்களெல்லாம் ஒரே இடத்தில் நிலைகுத்தி நின்றன. விலிமைனாவின் நகக்கண்ணில் ரத்தம். மடியில் ஈரப் பிளாஸ்திரி குவிந்துகொண்டே போனது.

"இதோம்மா. இதோ. இது ஒண்ணுதான்."