குடிலுக்கு ஒதுக்கிய பவளம்

1984 டிசம்பர் 19, புதன்கிழமை. வில்லியனூர் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில், பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்ற அல்போன்ஸ் தன் வீட்டுப் பின்னறையில் இறந்து கிடந்தார். கதவு உள்பக்கம் தாழிடப்பட்டிருந்தது.

கதவை உடைத்தவர் காவலர் கண்ணையன். பிணத்தைப் பார்த்ததும் அங்கேயே காவலுக்கு நின்றுகொண்டு, சப் இன்ஸ்பெக்டர் சுப்புராயனுக்கு ஆள் அனுப்பினார்.

சுப்புராயன் வந்தபோது பகல் ஒரு மணி. மழை தூறிக்கொண்டிருந்தது. அறைக்குள் பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் கடல்நீர், சிறு மீன்கள், பவளங்கள். காற்று பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மார்கழிக் குளிர் தொட்டிக்கு ஆகாதென்று ஜன்னலைப் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்திருந்தார் அல்போன்ஸ். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக ஈரம். தரையில் ஒரு தகர டப்பில் நாலைந்து கடல் கற்கள், மேலே ஆறிப்போன தண்ணீர். பக்கத்தில் காலியான அலுமினியப் பானை, நார் பிரஷ், பாதி குடித்த காபி டம்ளர். டப்பின் மீதே சரிந்திருந்தார் அல்போன்ஸ். உடம்பில் காயம் இல்லை.

சமையல்காரி இன்பமேரி கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது, விதவை. அல்போன்ஸை பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்றுதான் கூப்பிடுவாள். தெருவே வாசலில் நின்றது.

"காபி யார் போட்டது?"

"நாந்தாங்க."

"நீ குடிச்சியா?"

"முசியேக்கு ஊத்திக் குடுத்துட்டு மிச்சத்த நான் குடிச்சேன்."

"கதவ ஏன் தாழ் போட்டாரு?"

"எப்பவும் போடுவாரு. தொறந்திருந்தா கோழி உள்ள பூந்துடும்."

"வெந்நீர் எதுக்கு?"

"குடிலு கட்டறதுக்குக் கல்லு சுத்தம் பண்ணணும்னு கேட்டாரு. ஒரு பானை கொதிக்க வச்சுக் குடுத்தேன்."

அந்தத் தெருவில் அது புதிதல்ல. கிறிஸ்துமஸ் குடிலில் குகை கட்டக் கடல் கல்லும் சங்கும் கொண்டுவருவார்கள். கவிச்சி போக வெந்நீர் ஊற்றித் தேய்ப்பார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "காபியில இன்னாத்த கலந்தாளோ! கேளுங்க சார் நல்லா."

இன்பமேரி நிமிரவில்லை. "என்னை இட்டுக்கினு போயிடுவீங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு மணிக்குக் கண்ணையன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னான்னு தெரியல சார். ஒதடு மரத்துப் போச்சு. வாயெல்லாம் துருப்பிடிச்ச இரும்பு நக்குன மாதிரி இருக்குது. மூச்சு வாங்குது."

"இங்க எதாவது சாப்பிட்டியா?"

"மால போட்டிருக்கேன் சார். வெளியில பச்சத் தண்ணி கூடக் குடிக்கல."

கண்ணையனின் கழுத்தில் சபரிமலை மாலை கிடந்தது. அவரை ஜீப்பில் ஏற்றிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஜீப் தெருமுனையில் திரும்பியபோது சுப்புராயன் தன் உதட்டை நாக்கால் தடவினார். ஓரத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. இரும்பின் ருசி.

அவர் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். ருசி போகவில்லை. வயிற்றில் போனதல்ல இது, மூச்சில் போனது. டப்பில் வெந்நீர் ஊற்றியபோது எழுந்து, தாளில் ஈரமாகப் படிந்த ஆவி. அறையில் இன்னும் அது இருக்கிறது. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு உள்ளே ஓடி, பிளாஸ்டிக் தாளைக் கிழித்து ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்தார்.

முற்றத்து முருங்கை மரத்தடியில் மழையில் நனைந்தபடி நின்றான் செபாஸ்டின், அல்போன்ஸின் தம்பி மகன். வந்ததிலிருந்து அங்கேயேதான் நின்றான்.

"தொட்டிக்கு யார் பொறுப்பு?"

"பெரிப்பாதான் சார். கடல் தண்ணி நான் கொண்டாருவேன். பவளமும் நான்தான் எடுத்தாந்தேன். ஆறு தினுசு. மூளப் பவளம், தோல் பவளம், மான்கொம்பு..."

"டப்புல இருக்கறது?"

"பொத்தான் பவளம் சார். பொத்தான் பொத்தானா இருக்கும். அது வளந்து மத்ததெல்லாம் மூடிக்கினே வந்துச்சு. எதெல்லாம் வைக்கலாம், எத எடுத்துடலாம்னு பெரிப்பா ஒரு வாரமா யோசிச்சாரு. அஞ்ச வச்சுக்கினு இத எடுத்துடலாம்னாரு."

"கொதிக்கிற தண்ணி ஊத்தச் சொன்னது யாரு?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? குடிலு வேலை அவங்களுது."

மாதா கோயில் உபதேசியார் பிலவேந்திரன் குடையை மடக்கிக்கொண்டு சுப்புராயனிடம் வந்தார். மனத்தாங்கலோடு பேசினார்.

"ரத்த உறவு ஒருத்தன் செத்தவர் கையில பாடுபட்ட சுரூபம், அதான் சிலுவை, வைக்கணும் சார். இவன விட்டா ஆளில்ல. கூப்பிட்டா பொணம்னா பயங்கிறான். அவங்க அப்பன் செத்தப்ப குளிப்பாட்டிக் கோட்டு மாட்டுனது இவன்தான். அப்ப இல்லாத பயம் இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

"அல்போன்ஸுக்கு யார் மேலயாவது வருத்தம் உண்டா?"

உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். "இன்பமேரிய கட்டிக்கறதா சாமியார்கிட்ட சொல்லியிருந்தாரு. வர்ற ஞாயித்துக்கிழம கோயில்ல கல்யாண அறிவிப்பு, மொத ஓலை வாசிக்கறதா இருந்துச்சு. கட்டிக்கினா இவளுக்குப் பிரான்சு பென்சன், வூடு எல்லாம். செபாஸ்டினுக்குத் தெரியும்."

சுப்புராயன் இன்பமேரியைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் அல்போன்ஸ் செத்தால் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. வீடு தம்பி மகனுக்குத்தான் போகும்.

நான்கு மணி. பிணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. சுப்புராயன் கூடத்தில் ஒரு வாளியை வைத்தார். தொட்டியில் எஞ்சியிருந்த ஒரு பொத்தான் பவளக் கல் அதில் கிடந்தது. பக்கத்தில் மூடி போட்ட கெட்டில். உபதேசியாரையும் இன்பமேரியையும் உட்கார வைத்துவிட்டு, செபாஸ்டினை உள்ளே கூப்பிட்டு, தெருக் கதவைத் தாழிட்டார். ஜன்னல்கள் ஏற்கெனவே மூடியிருந்தன.

"இந்தக் கல்லு ஒண்ணு மிச்சம். இதையும் சுத்தம் பண்ணிடலாம். செபாஸ்டின், கெட்டில்ல வெந்நி இருக்கு. ஊத்து."

செபாஸ்டின் அசையவில்லை.

"ஊத்துப்பா. கல்லுதானே?"

"வேணாம் சார். அப்புறமா..."

இன்பமேரி எழுந்தாள். வேலை என்றால் கை தானாக நீளும் பெண். "குடுங்க ஐயா, நான் ஊத்தறேன்" என்று கெட்டிலைத் தூக்கி வாளியின் மேல் சாய்த்தாள்.

"ஊத்தாத!" செபாஸ்டின் அலறினான். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் தாழ்ப்பாளை இழுத்தான். அது வரவில்லை. தோளால் கதவை மோதினான். "எல்லாரும் செத்துடுவோம்! தொறங்க சார், தொறங்க!"

வாளிக்குள் விழுந்தது கிணற்றுத் தண்ணீர். ஆவி எழவில்லை.

சுப்புராயன் அவன் தோளில் கை வைத்தார். "பச்சத் தண்ணிதான்பா. உக்காரு."

செபாஸ்டின் கதவோரம் சரிந்தான்.

"காபியில ஒண்ணுமில்ல" என்று சுப்புராயன் மற்ற இருவரிடமும் சொன்னார். "காபி குடிச்ச இன்பமேரி உயிரோட இருக்கு. ஒண்ணுமே குடிக்காத கண்ணையன் ஆஸ்பத்திரியில கெடக்கறான். அல்போன்ஸுக்கும் கண்ணையனுக்கும் பொது அந்த அறைக் காத்துதான். மத்த கடல் கல்லு செத்த கல்லு, இது உசுருள்ள பவளம்; மூடுன அறையில, இது மேல கொதிக்கிற தண்ணி ஊத்துனா வர்ற ஆவி விஷம். அல்போன்ஸுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஊத்தியிருக்க மாட்டாரு. இன்பமேரிக்கும் தெரியாது, இப்ப பாத்தீங்க. தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அதான் பெரியப்பன் செத்துக் கெடக்கையில அறை வாசப்படி கூட மிதிக்காம மழையில நின்னான்."

"எங்க கத்துக்கினே?" என்று செபாஸ்டினிடம் கேட்டார்.

"மெட்ராசுல. கலர் மீன் ஏத்துமதி பண்ற எடத்துல வேல பாத்தேன். ஒரு நாளு நானே ஊத்திட்டேன் சார். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்தேன்." கெட்டிலைப் பார்த்தான். "குடிலுக்கு நல்லாருக்கும், வெந்நி ஊத்துனா வெளுத்துடும்னு பெரிப்பாகிட்ட நான்தான் சொன்னேன்."

இன்பமேரி கெட்டிலைக் கீழே வைத்தாள். அதன் மூடி உருண்டு வாளியில் முட்டி நின்றது.

அன்று மாலை செபாஸ்டின் கைது செய்யப்பட்டான். மறுநாள் டிரங்க் கால் போட்டபோது மெட்ராஸ் முதலாளி அவன் ஆஸ்பத்திரியில் கிடந்ததை உறுதி செய்தார். கண்ணையன் பிழைத்தார், அந்த வருடம் மலைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அல்போன்ஸை அடக்கம் செய்தார்கள். இன்பமேரி கல்லறையின் ஓரமாக நின்றாள். ஓலை வாசிக்கப்படவில்லை. செவ்வாய்க்கிழமை கிறிஸ்துமஸ். தெருவில் குடில்கள் வைத்தார்கள். எதிலும் கடல் கல் இல்லை.