பிஜ்லியின் கோணல் குளம்பு

பிஜ்லி என்றால் மின்னல். ஆம்பூர் ஜட்காக்காரர் லியாகத் அலியின் குதிரைக்கு அந்தப் பெயரை வைத்தவர், அது ஓடுவதைப் பார்க்காமலே வைத்திருக்க வேண்டும். மாட்டுவண்டிகள்கூட அதை முந்திப் போகும்.

இப்போது அந்த நடைக்கும் ஆபத்து. முன்னங்கால் குளம்பின் வெளிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"தோல் காஞ்சு வெடிச்சா எண்ணெய்தானே போடுறோம்? குளம்புக்கும் அதான்!" என்று பக்கத்திலிருந்த தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து எண்ணெய் வாங்கிவந்து தினமும் பூசினார் லியாகத் அலி. குளம்பு பளபளத்தது. வெடிப்பும் பளபளப்பாக மேலே ஏறியது.

இன்று குதிரையை வாங்க ஆற்காட்டிலிருந்து ஆள் வருகிறார்.

"விக்காதீங்க அத்தா!" என்றாள் மகள் சைரா.

"நொண்டுற குதிரைய வெச்சிக்கினு இன்னாம்மா பண்றது? போ, தண்ணி காட்டிட்டு வா."

பிஜ்லியின் முகத்தைப் பார்க்காமல் வண்டிச் சக்கரத்தைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த சக்கரம்தான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியில், அந்த ஷாப்பின் வாசலில், தோல் பதனிட இடித்த ஆவாரம்பட்டைத் தூள் பரப்பிக் கிடந்தது. பிஜ்லி நேராக அதில் கால் வைத்தது.

"ஏய்! பட்டைமேலயா குதிரைய ஓட்டுற?" என்று கத்தினார் ஷாப் காவல்காரர்.

சைரா குனிந்து பார்த்தாள். தூளில் பதிந்த தடத்தில் வெளிப்பக்கம் ஆழமாக இருந்தது. உள்பக்கம் பட்டும் படாமலும் இருந்தது. வெடிப்பும் வெளிப்பக்கம்தானே!

குதிரையைக் காவல்காரர் கையில் கொடுத்துவிட்டு, லாடம் கட்டும் காசிநாதனிடம் ஓடினாள்.

"மாமா, குளம்பு ஒரு பக்கம் உசரமா இருக்கு! பாரமெல்லாம் அங்கயே விழுது. அதான் வெடிக்குது!"

"நான் சீவின குளம்பு கோணலா? என் மீசைகூடக் கோணாது பாப்பா!"

வந்து காலைத் தூக்கிப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"மீசை மட்டும்தான் நேரா இருக்கு."

லாடத்தைக் கழற்றினார். உயர்ந்த பக்கத்தைச் சீவி, அரத்தால் ராவிச் சமமாக்கினார். மறுபடி லாடம் அடித்தார்.

"பழைய வெடிப்பு ஒட்டாது. புதுக் குளம்பு வளர்ந்து அதைக் கீழ தள்ளிடும். மாசாமாசம் சமமா சீவினா இனிமே மேல ஏறாது."

"நடத்திக் காட்டு, நடத்திக் காட்டு!" என்று காவல்காரரே பட்டைத்தூளை அள்ளித் தூவினார்.

சைரா பிஜ்லியை நடத்தினாள். இரண்டு பக்கமும் ஒரே ஆழம்!

"அத்தா! ஓடி வாங்க!"

லியாகத் அலி ஓடிவந்து அந்தத் தடத்தின் முன்னால் குந்தினார். காசிநாதன் சொல்லச் சொல்ல, தடத்தின் இரண்டு ஓரத்தையும் விரலால் அளந்து பார்த்தார். பின்னாலேயே ஆற்காட்டுக்காரர் வந்து நின்றார்.

"எங்க பாய் குதிரை?"

"மன்னிச்சிக்கங்க. இது விக்கிறதுக்கில்ல."

"அட! அப்ப ஸ்டேஷன்லயாவது கொண்டு விடுங்க."

லியாகத் அலி எழுந்து அவருடைய பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வாங்க, பேசிக்கினே நடக்கலாம். பிஜ்லிக்கு இன்னிக்கு லீவு."