ஸ்கோர் போர்டில் ஒரு கண்

புல் வெட்ட வந்தவர் முதலில் அதை ஒரு மூட்டை என்றுதான் நினைத்தார்.

பிறகுதான் மூட்டைக்கு ஷூ இருப்பதைப் பார்த்தார்.

வுல்ஃப் ஹார்பர் பேஸ்பால் மைதானத்தின் கோடியில் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிறது பழைய ஸ்கோர் போர்டு. பின்பக்கம் இரும்பு ஏணி. ஏணியின் அடியில், ஏரிக் காற்றில் விறைத்துப்போய்க் கிடந்தார் வெர்ன் ஹால்வர்சன். தலைக்குக் கீழே புல் கறுத்திருந்தது.

இருபத்தைந்து வருஷமாக அந்த போர்டுக்குள் உட்கார்ந்து, தகரத்தில் எழுதிய எண்களை ஜன்னல் ஜன்னலாக மாட்டி வந்தவர். மனைவி இறந்துவிட்டாள். ராத்திரி வீடு திரும்பாததைக் கவனிக்க ஆள் இல்லை.

சார்ஜென்ட் மாரிட் நூர்க் ஜீப்பிலிருந்து குதித்து ஓடி வந்தாள்.

"உயிர் இருக்கா?"

ஆம்புலன்ஸ்காரர் நிமிர்ந்தார். "இருக்கு... ஆனா நம்பிக்கைன்னு எதுவும் சொல்ல மாட்டேன்."

"தவறி விழுந்திருப்பாரா?"

"மல்லாக்க விழுந்திருக்கார் மேடம். சட்டைல மேல் பட்டன் ரெண்டும் பிஞ்சிருக்கு. யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி."

மாரிட் ஏணியை அண்ணாந்து பார்த்தாள்.

போன வருஷம் லீகிலேயே கடைசி இடத்தில் கிடந்த ஊர் டீம் ஹெரான்ஸ். இந்த சீஸனில் முதல் இடம். கோப்பைக்கு இன்னும் இரண்டே மேட்ச்.

இப்போது போய் இது.

ஹெரான்ஸ் மேனேஜர் க்ளீட் ராடமேக்கர் ஆபீஸில் காபியோடு உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. அழுகையா, தூக்கமின்மையா... மாரிட்டுக்குப் புரியவில்லை.

"நேத்து மேட்ச் முடிஞ்சதும் போர்டு பக்கம் யாராவது போனாங்களா?"

"போனான். எதிர் டீம் பிட்சர். அந்த டெக்ஸாஸ் பையன்... எலிசியோ பாராகன். நானே பார்த்தேன். ஏணியிலேர்ந்து இறங்கி ஓடினான்."

"அவனுக்கு வெர்ன்கிட்ட என்ன வேலை?"

"மொத இன்னிங்ஸ்லயே ஒன்பது ரன் குடுத்தவனுக்கு யாரைப் பார்த்தாலும் கோபம் வரும். நாம என்ன பந்து போடறோம்னு இவங்களுக்கு யாரோ சொல்றாங்கன்னு அம்பயர்கிட்டயே கத்தினானே, நீங்க கேக்கல?"

"கேட்டேன். அப்பாவோட அங்கதான் உட்கார்ந்திருந்தேன். நாங்களும் சேர்ந்து அவனைக் கேலி பண்ணினோம்."

"அப்புறம் என்ன? சாயங்காலமே அவன் டீம் அவனை வேலையை விட்டுத் தூக்கிடுச்சு. வெறி புடிச்சுப் போயிருப்பான்."

வெளியே வராந்தாவில் ரஸ் டெர்வோ நின்றிருந்தான்.

கேப்டன். வயது முப்பத்தாறு. இதே ஊரில் பிறந்தவன். இந்த வயதில் எவனும் அடிக்காத அடியை இந்த சீஸனில் அடித்துக்கொண்டிருப்பவன். மாரிட்டின் அப்பா அவன் பெயர் போட்ட சட்டையைத் துவைக்கக்கூடக் கழற்றுவதில்லை.

"கேப்டன், நேத்து வெர்னைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

ரஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான்.

"பார்க்கல. மேட்ச் முடிஞ்சது, வீட்டுக்குப் போயிட்டேன்."

"உங்களுக்கு ரொம்ப வேண்டியவர் இல்லையா?"

"ஆமா."

"சரி... போய் மேட்ச்ல கவனமா இருங்க. ஊரே உங்களை நம்பித்தான் இருக்கு."

அவள் போனதும் ரஸ் கழிவறைக்குள் ஓடினான். வாந்தி எடுத்தான்.

நடந்தது இதுதான்.

மே மாதம் மேனேஜர் ஒரு டெலஸ்கோப்போடு வந்தார். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர், தொடைகளுக்கு நடுவே விரல்களைக் காட்டித்தான் பந்து வீசும் பிட்சரிடம் பந்து கேட்பான். ஒரு விரல் என்றால் வேகப் பந்து. இரண்டு என்றால் வளையும் பந்து. ஸ்கோர் போர்டுக்குள்ளிருந்து அந்த விரல்களைப் பார்த்துவிட்டால்... மேட்ச் ஒன்பது இன்னிங்ஸில் முடிந்துவிடுவதால் பத்தாவது இன்னிங்ஸுக்கான ஜன்னல் எப்போதும் காலிதானே. மூடியிருந்தால் வேகம். திறந்திருந்தால் வளைவு.

வருவது தெரிந்துவிட்டால் அடிப்பதற்கென்ன?

வெர்ன் முதலில் முடியாது என்றார். அவரிடம் பேசிச் சம்மதிக்கவைத்தவன் ரஸ்.

"இது என் கடைசி சீஸன், வெர்ன். ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டுப் போறேனே."

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் நான்கு மாதம் கண்ணை டெலஸ்கோப்பில் வைத்தார்.

முந்தின நாள் மாலை, மேட்ச் முடிந்ததும், கார்கள் நிற்கும் இடத்தில் வெர்ன் ரஸ்ஸை மறித்தார். முகம் வெளுத்திருந்தது.

"அந்தப் பையன் மேல ஏறி வந்து கதவைத் தட்டினான்டா. நான் திறக்கல."

"நல்லதாப் போச்சு."

"என்ன நல்லது? வெளிய நின்னு அழுதான். சின்னப் பையன் மாதிரி அழுதான். அவனுக்கும் எனக்கும் நடுவுல ஒரு பலகைதான் இருந்துது."

"வெர்ன், இன்னும் ரெண்டே மேட்ச்..."

"போதும் ரஸ். இப்ப போய் அந்த டெலஸ்கோப்பைக் கழட்டறேன். நாளைக்குக் காலைல லீக் ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுத்துடுவேன். உன் பேரைச் சொல்லாம இருக்கப் பார்க்கறேன்."

அவர் மைதானத்துக்குள் திரும்பி நடந்தார்.

ரஸ் அவர் பின்னால் போயிருக்கலாம். போகவில்லை. நேராக மேனேஜர் ஆபீஸுக்குப் போனான்.

"வெர்ன் சொல்லிடப் போறார், கோச்."

மேனேஜர் மெதுவாக எழுந்தார். "நான் பேசிக்கறேன். நீ வீட்டுக்குப் போ."

ரஸ் வீட்டுக்குப் போனான். சாப்பிட்டான். தூங்கினான்.

வெர்னைக் கண்டெடுத்த அன்றே எலிசியோவை பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்கள். டெக்ஸாஸுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். கையில் விலங்கு மாட்டும்போது எதிர்க்கவில்லை.

ரஸ் மேனேஜரைத் தனியாகப் பிடித்தான்.

"நீங்கதானே?"

"அவர்கிட்ட பேசத்தான் போனேன். டெலஸ்கோப்பைக் குடுய்யான்னு இழுத்தேன். பிடிமானம் போச்சு, விழுந்துட்டார்."

"விழுந்தவரை விட்டுட்டு வந்தீங்களா?"

"செத்துட்டார்னு நினைச்சேன்."

"அந்தப் பையன் உள்ள இருக்கான் கோச்."

"இருக்கட்டும். ஒரு வாரத்துல விட்டுடுவாங்க. நான் ஏன் மேல ஏறினேன்னு போலீஸ் கேட்டா என்ன சொல்றது? சொல்லு. உன் சீஸனைப் பத்தியும் சேர்த்துச் சொல்லட்டுமா?"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"டெலஸ்கோப் ஏரிக்குள்ள போயாச்சு. நீயும் வாயைத் தொறக்காதே. ரெண்டு மேட்ச்டா."

மறுநாள் வெளியூரில் நடந்த மேட்சில் தோற்றார்கள். கோப்பை கடைசி மேட்சுக்குத் தள்ளிப்போனது.

வெள்ளிக்கிழமை பயிற்சியின்போது மாரிட் மறுபடி வந்தாள். வேலி ஓரமாக ரஸ்ஸைக் கூப்பிட்டாள்.

"ஒரு சின்ன விஷயம் கேப்டன். கேஸ் சம்பந்தமா இல்ல. எலிசியோ உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னான்."

"என்கிட்டயா?"

"லாக்கப்ல உட்கார்ந்து அதையேதான் யோசிச்சுட்டிருக்கான். வக்கீல் வேணுமான்னு கேட்டா பதில் இல்ல. 'யாரும் சொல்லிக்குடுக்கலன்னா, நான் என்ன தப்பு பண்ணினேன்? வளைவு போடறப்ப கையில ஏதாவது காட்டிக்குடுக்கறேனா? டெர்வோ பெரிய ஆட்டக்காரர், அவர் கண்டுபிடிச்சிருப்பார். கேட்டுச் சொல்லுங்க, திருத்திக்கறேன்'ங்கறான்."

மாரிட் காத்திருந்தாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

தூரத்தில், ஆட்டக்காரர்கள் உட்காரும் தடுப்புக்குள் மேனேஜர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது... வளைவு போடறப்ப கையுறையைக் கொஞ்சம் விரிப்பான்," என்றான் ரஸ். "அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம்."

"ஓ. சொல்லிடறேன். சந்தோஷப்படுவான்."

அவள் நகர்ந்தாள். ரஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

பையன் இனி லாக்கப்பில் உட்கார்ந்து, இல்லாத ஒரு தப்பைத் திருத்திக்கொண்டிருப்பான்.

சனிக்கிழமை. மதியம் ஒரு மணி.

மைதானத்தில் நிற்க இடமில்லை. ஸ்கோர் போர்டுக்குள் புது ஆள். பத்தாவது ஜன்னல் மூடியே கிடந்தது.

முதல் முறை ரஸ் மட்டையோடு வந்தான். பழக்கத்தில் கண் ஜன்னலுக்குப் போனது. பந்து அவனைக் கடந்து போனது.

மூன்று முறை தவறினான்; மூன்று ஸ்ட்ரைக். அவுட்.

இரண்டாவது முறையும் அதே.

அவன் மட்டுமில்லை. ஹெரான்ஸ் ஆட்கள் ஒருவர்பின் ஒருவராகக் காற்றை அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எட்டாவது இன்னிங்ஸ். ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். மட்டை ரஸ் கையில். ஏற்கெனவே இரண்டு ஸ்ட்ரைக்.

பந்து நேராக வந்தது. கடைசி நொடியில் வளைந்து இறங்கியது.

ரஸ் காற்றை அடித்தான்.

திட்டப் போகிறார்கள் என்று நினைத்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

எங்கோ ஒருவர் கை தட்டினார். பிறகு பத்துப் பேர். பிறகு மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது.

"பரவாயில்ல ரஸ்... விடு!"

"இந்த சீஸனே உன்னாலதான்டா!"

அந்தக் கைதட்டல் அவன் முதுகில் சவுக்கடி மாதிரி விழுந்தது. முகம் பற்றி எரிந்தது. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு எங்காவது ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

அவன் தடுப்புக்குத் திரும்பவில்லை.

நேராகப் பார்வையாளர் பக்கம் நடந்தான். கம்பியைத் தாண்டி ஏறினான்.

"டெர்வோ, எங்க போற? இங்க வா," என்று மேனேஜரின் குரல் துரத்தியது.

ஐந்தாவது வரிசை. மாரிட், சீருடை இல்லாமல். பக்கத்தில் அவளுடைய அப்பா ஓரின். அவருக்கு அந்தப் பக்கம் தொப்பியை மூக்கு வரை இறக்கியபடி யாரோ ஒருவன் ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தான்.

"சார்ஜென்ட்... அந்தப் பையனை விட்டுடுங்க."

"மேட்ச் நடக்குது கேப்டன்."

"அவன் எந்தத் தப்பும் பண்ணல. நாங்கதான் அவங்க சைகையைத் திருடினோம். சீஸன் பூரா. வெர்ன் டெலஸ்கோப்ல பார்த்து ஜன்னல் வழியா சொன்னார். அவரை அதுக்கு சம்மதிக்க வெச்சவன் நான். சொல்லிடப் போறேன்னார்... நான்தான் கோச்கிட்ட போய்ப் போட்டுக் குடுத்தேன். கோச்தான் மேல போனார். எனக்கு மறுநாள் காலைலயே தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தேன்."

சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஓரின் தன் சட்டையில் இருந்த ரஸ்ஸின் பெயரைக் குனிந்து பார்த்தார்.

அது கைதட்டலைவிட மோசமாக இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் மாரிட்.

"இல்ல. கையுறை விஷயமும் பொய். அவன் கையில எதுவுமே காட்டல. அவன் நல்லாத்தான் போட்டான். அவன்கிட்ட அதை மட்டுமாவது உடனே சொல்லிடுங்க."

மாரிட் பெருமூச்சு விட்டாள்.

"இன்னிக்குக் காலைல வெர்ன் கண்ணு முழிச்சார்."

ரஸ் ஒரு படி முன்னால் வந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"பேசினாரா?"

"எல்லாத்தையும். யார் சட்டையைப் பிடிச்சது, யார் தள்ளினதுன்னு. தள்ளினதுதான் கேப்டன்... தவறி விழல. அங்க பாருங்க."

தடுப்பின் இரண்டு வாசலிலும் போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். மேனேஜர் நடுவில், நகர வழியில்லாமல்.

"அப்ப ஏன்... இவ்வளவு நேரம்..."

"வெர்ன் என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டார். 'ரஸ் தானா வருவான். அவனுக்கு ஒன்பது இன்னிங்ஸ் டைம் குடுங்க'ன்னார். ஓடிப்போக வழியில்லாத இடத்துலதானே எல்லாரும் இருக்கீங்கன்னு ஒத்துக்கிட்டேன். சத்தியமா சொல்றேன், நீங்க வருவீங்கன்னு நான் நம்பல."

ரஸ் படியிலேயே உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

"அந்தப் பையன்கிட்ட நான் என்ன சொல்லுவேன்..."

ஓரினுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் ஹாட் டாக்கின் கடைசித் துண்டை விழுங்கினான். தொப்பியைத் தூக்கினான்.

எலிசியோ.

"மதியம்தான் வெளிய விட்டாங்க," என்றான். "ராத்திரி பூரா கையுறை இருக்கறதா நினைச்சு விரலை மூடி மூடிப் பழகினேன் சார். விரலெல்லாம் வலிக்குது."

ரஸ்ஸால் அவன் கண்களைப் பார்க்க முடியவில்லை. "என்னைத் திட்டு. அடிக்கணும்னாலும் அடி."

எலிசியோ கடுகு ஒட்டிய விரல்களைத் துடைத்துக்கொண்டு ஸ்கோர் போர்டைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான்.

"எதுக்கு சார்? எதிர்ல என்ன வரும்னு தெரியாம இந்த சீஸன்ல நீங்க அடிச்ச ஒரே அடி... இப்ப இங்க ஏறி வந்து சொன்னீங்களே, அதுதான்."