நீல லைட் போடட்டுமா?

"கேஷவ்... உடனே முடிச்சூர் வாங்க. அண்ணா ரூம்ல ரத்தம்!"

மறுமுனையில் மூச்சு நின்று வந்தது.

"எ... எந்த இடத்துல, நித்யஸ்ரீ?"

"வாங்க. காட்டறேன்."

போனை வைத்தவள் பற்களை நறநறவென்று கடித்தாள்.

போன வாரம் இதே மாடி அறையில்தான் அவளுடைய அண்ணன் சத்யநாராயணன் மண்டை பிளந்து கிடந்தான். ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தான் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. முதல் ஆளாக ஓடி வந்து அழுதவன் தொழில் பார்ட்னர் கேஷவ். அந்த அழுகையைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை!

கோவிலம்பாக்கத்திலிருந்து கார் பறந்து வந்தது.

ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. முளைத்த கையோடு வெட்டித் தின்னும் மைக்ரோகிரீன் தட்டுகள், அடுக்கடுக்காக. விதைகள் மண்ணில் அழுந்தி வேர் பிடிக்க, புதுத் தட்டுகளின் மேல் தலைக்கொரு வெள்ளைக் கல். எல்லாமே எல்.இ.டி.யின் சிவப்பு வெளிச்சத்தில்!

"எங்க ரத்தம்? ஒண்ணும் தெரியலையே!"

"சிவப்பு லைட்ல எப்படித் தெரியும்? அன்னிக்கு நீங்க கழுவினதும் இதே லைட்லதானே!"

"நானா? உளறாதே!"

"அண்ணாவோட உங்களுக்குச் சண்டை எதுக்குன்னும் தெரியும் கேஷவ். வெறும் சிவப்புல வளர்த்தா கீரை சீக்கிரமா நெடுநெடுன்னு நிக்கும். சத்து கம்மி. நீலம் கலந்தாதான் குட்டையா, நிறம் ஏறி, சத்தா வரும். ஆஸ்பத்திரிக்குப் போற கீரை, நோயாளிங்களை ஏமாத்தாதேன்னான் அண்ணா. உங்களுக்கு அவசரம்!"

கேஷவ் ஓரடி பின்வாங்கினான்.

"சிவப்புல ரத்தம் ஒளிஞ்சுக்கும். நீலத்துல கன்னங்கரேல்னு காட்டிக் கொடுத்துடும். போடட்டுமா?"

அவள் விரல் சுவிட்சைத் தொட்டது.

ஒரே பாய்ச்சல்!

சுவிட்சை நோக்கி இல்லை. மூலையில் முள்ளங்கித் தட்டின் மேலிருந்த கல்லை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான் கேஷவ்!

டக்!

அறை முழுக்க நீலம்.

கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துளிக் கறை இல்லை!

"இதுல... ஒண்ணுமே இல்லையே!"

"இல்லதான். சுத்தமா கழுவியிருக்கே." நித்யஸ்ரீ சிரித்தாள். அண்ணன் போன பிறகு முதல் சிரிப்பு. "ஆனா அண்ணாவை அடிச்சது கல்லாலன்னே இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. நீயா எடுத்துக் கொடுத்தேடா, பாவி!"

பால்கனிக் கதவின் கறுப்புத் துணி விலகியது. இன்ஸ்பெக்டர் சிவகுமார்! கையில் உறை மாட்டிக்கொண்டு கல்லை வாங்கினார்.

"கண்ணுக்குத் தெரியலன்னா என்ன? லேபுக்குத் தெரியும். ஏணின்னு எழுதின இந்தக் கையாலேயே விலங்கும் மாட்டறேன்."

"அதே கல்லால ஒரே போடா போடணும்னு கை துடிச்சுது சார்," என்றாள் நித்யஸ்ரீ. "அது பத்தாது. இவன் உள்ளே கிடந்து தினம் தினம் சாகணும்!"

இன்ஸ்பெக்டர் கேஷவை அண்ணாந்து பார்த்தார்.

"ஆறடிக்கு நெடுநெடுன்னு வளர்ந்தும் மூளையில சத்தே இல்லையே... இவனும் சிவப்பு லைட்ல வளர்ந்தவனாம்மா?"