பத்துப் பொட்டு

லிங்கராஜபுரத்தில் யாராவது புது கார் வாங்கினால், அவர் சாவியைத் திருப்புவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதன் மைலேஜைச் சொல்லிவிடுவார்கள். ஹரிஷ்குமாரின் கார் வந்த அன்றோ, அந்த நான்கு மாடிக் கட்டடமே கீழே இறங்கி வந்து நின்றது. காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் கார் தானே ஓடுமாம்.

"முழுசா தானே ஓடாது," என்று ஹரிஷ்குமார் அடக்கமாகச் சொன்னார். மூன்றாவது மாடிக்குக் கேட்கிற அளவுக்கு அடக்கமாக. "ரோட்டுல இருக்கற கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பும். முன்னாடி யாராவது வந்தா பிரேக் போடும். மத்ததெல்லாம் நான்தான்."

"நம்ம ரோட்டுல கோடு எங்கே இருக்கு? குழிதானே இருக்கு," என்றார் கீழ்வீட்டு க்ளென். தெருவில் மிக்சி கெட்டாலும் மோட்டார் கெட்டாலும் கூப்பிடாமலே வந்து நிற்பவர் அவர். எதுவாக இருந்தாலும் அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்வார்.

"யாராவது எதிர்ல வந்தா நிக்கும்னா, இந்த ஊர்ல அது கேட்டையே தாண்டாதே ஹரிஷ்," என்றார் சுப்புலக்ஷ்மி. அவர் கட்டடத்துச் சங்கத்தின் செயலாளர். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவர். ஓய்வு பெற்றபின் கோப்பு கிடைக்காததால், கட்டடத்தில் இருக்கும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹரிஷ்குமாரின் மகள் கிருத்திகாவுக்குப் பத்து வயது. அவளுக்கு அந்தக் காரின் மேல் மரியாதை கலந்த பயம். தானே பிரேக் போடுகிற ஒன்று வேறு என்னவெல்லாம் போடும் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த வாரமே ஆயுத பூஜை வந்தது. ஹரிஷ்குமார் காரை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கி, பழையபடி அதன் இடத்தில் நிறுத்தினார். கிருத்திகாவின் அம்மா வனஜா மாலை போட்டு, மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். எல்லோரும் சுண்டல் சாப்பிட மாடிக்குப் போனார்கள்.

"கிருத்தி, கிண்ணத்தை எடுத்துட்டு வந்துடு," என்று படியிலிருந்து அம்மா சொன்னாள்.

கிண்ணத்தில் பாதிச் சந்தனம் மீதி இருந்தது. கிருத்திகா காரைச் சுற்றி வந்தாள். முன்பக்க பம்பரில் நான்கு, பின்பக்க பம்பரில் நான்கு, சட்டைப் பட்டன் அளவில் வட்ட வட்டமாக ஏதோ இருந்தது. பொட்டு வைக்கவென்றே கம்பெனிக்காரன் இடம் விட்ட மாதிரி. எட்டுக்கும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். முன்னால் நடுநாயகமாக இருந்த கம்பெனி முத்திரைக்கு ஒன்று. பின்னால் நம்பர் பலகைக்கு மேலே கறுப்பாக மின்னிய சின்ன வட்டத்துக்கு ஒன்று. ஆக மொத்தம் பத்து. கிண்ணம் காலியானது. கார் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. கிருத்திகா நிம்மதியாகச் சுண்டல் சாப்பிடப் போனாள்.

மறுநாள் ஓசூரில் அத்தை வீட்டில் சாப்பாடு. ஒன்பது மணிக்கு மூன்று பேரும் காரில் ஏறினார்கள். ஹரிஷ்குமார் ரிவர்ஸ் கியர் போட்டார்.

கார் கத்தியது.

சாதாரணக் கத்தல் இல்லை. பால் குக்கர், ஆம்புலன்ஸ், அலாரம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படியோ அப்படி. ஒரு அடி பின்னால் நகர்ந்ததும் யாரோ பிடித்து இழுத்த மாதிரி நின்றது. மறுபடி நகர்ந்தது. மறுபடி நின்றது. திரையில் காரின் படத்தைச் சுற்றி எட்டுச் சிவப்புக் கோடுகள் மின்னின.

"பின்னாடி யாராவது இருக்காங்களா பாரு வனஜா."

"யாரும் இல்லீங்க. ஒரு பூனைகூட இல்லை."

இரண்டு நிமிடத்தில் பூனையைத் தவிர எல்லோரும் வந்துவிட்டார்கள். க்ளென் பல் துலக்கும் பிரஷோடு வந்தார்.

"ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு ஹரிஷ்."

ஹரிஷ்குமார் பண்ணினார். கார் முன்னைவிடத் தெளிவாகக் கத்தியது.

"கேமரா என்ன காட்டுது?" என்று க்ளென் தலையை உள்ளே நீட்டினார். திரை முழுக்க ஒரே மஞ்சள். நடுவில் மட்டும் சிவப்பு. "முடிஞ்சது. டிஸ்ப்ளே போச்சு."

"டிஸ்ப்ளே சும்மா போகுமா?" என்றார் சுப்புலக்ஷ்மி. "உள்ளே தண்ணி போயிருக்கு. காலையிலே அஞ்சரைக்கு நான் பால்கனியிலே நின்னு பார்த்தேன். அந்த வெங்கட் ரெண்டு பக்கெட் ஊத்தினான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட் பக்கத்தில் கடைசிக் காரைத் துடைத்துக்கொண்டிருந்த வெங்கடகிருஷ்ணன், துணியும் கையுமாக வந்தார். ஸ்ரீராம்புரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, அந்தக் கட்டடத்தின் ஒன்பது கார்களையும் ஆறு வருடமாகக் கழுவுகிறவர். கிருத்திகாவுக்கு அவர் வெங்கட்டண்ணா. அப்பாவுக்கும் அவர் வெங்கட்டண்ணாதான்.

"ஒரே பக்கெட்டும்மா," என்றார் அவர். "அதுவும் ஊத்தலை. துணியை நனைச்சுத்தான் தொடைச்சேன். நேத்து பூஜை ஆச்சே, பொட்டு மேல ஒரு சொட்டுகூடப் படாம சுத்திச் சுத்தித் தொடைச்சேன் சார்."

பின் சீட்டில் இருந்த கிருத்திகா திரையைப் பார்த்தாள். மஞ்சள் வட்டம். நடுவில் சிவப்பு வட்டம். சிவப்பு ஒரு ஓரத்தில் கொஞ்சம் வழிந்திருந்தது. அந்த வழிசலை அவளுக்குத் தெரியும். நேற்று மோதிர விரல் வழுக்கியதால் வந்தது அது.

அவள் சீட்டில் கீழே சரிந்து உட்கார்ந்தாள்.

வெளியே ஆறு பெரியவர்கள் காரைச் சுற்றி வந்தார்கள். பானெட்டைத் திறந்தார்கள், மூடினார்கள், டயரை உதைத்தார்கள். பத்துப் பொட்டும் அவர்கள் கண்ணெதிரே பளபளவென்று இருந்தன. ஒருவர்கூட அவற்றைச் சந்தேகிக்கவில்லை. சாமிக்கு வைத்ததைப் போய் யார் சந்தேகிப்பார்கள்? சுப்புலக்ஷ்மி குனிந்தபோது கை ஒரு பொட்டில் பட்டுவிட்டது. உடனே கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் அவர். "இந்தக் காலத்து வண்டிக்கெல்லாம் பக்கெட், துணி சரிப்படாது. போன்ல சொன்னா வந்து கழுவற கம்பெனி இருக்கு. நாளையிலேர்ந்து ஒன்பது வண்டிக்கும் அவங்களையே வரச் சொல்லிடலாம். குரூப்ல போடறேன்." அவர் போனை எடுத்து அப்போதே தட்டத் தொடங்கிவிட்டார்.

வெங்கட்டண்ணா ஹரிஷ்குமாரைப் பார்த்தார். ஹரிஷ்குமார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"புது வண்டி அண்ணா," என்று மட்டும் சொன்னார் ஹரிஷ்குமார்.

கிருத்திகாவின் காதுமடல் சூடானது. நான்தான் என்று சொன்னால் அப்பா என்ன செய்வார்? மூணு போதும் என்று மூன்றே பொட்டு வைத்த அம்மா என்ன சொல்வாள்? சுப்புலக்ஷ்மி ஆன்ட்டி இதைத் தெரு முழுக்கச் சொல்வார். அடுத்த ஆயுத பூஜை வரை சொல்வார்.

சட்டென்று ஒரு யோசனை வந்தது. யாருக்கும் தெரியாமல் துடைத்துவிட்டால்?

சத்தமில்லாமல் கதவைத் திறந்து இறங்கினாள். அப்பா என்ஜினை அணைத்துவிட்டு மற்றவர்களோடு முன்பக்கம் நின்றிருந்தார். கிருத்திகா பின்பக்கம் போய்க் கைக்குட்டையை எடுத்தாள். பொட்டுக்கு இரண்டு விரல் தூரத்தில் கை இருந்தபோது, முன்பக்கத்திலிருந்து க்ளெனின் குரல் கேட்டது.

"வெயில்ல கொஞ்ச நேரம் நிக்கட்டும். தண்ணி காய்ஞ்சா தானே சரியாயிடும். சரியாச்சுன்னா தெரிஞ்சுபோச்சு, தண்ணியாலதான்னு."

கிருத்திகாவின் கை அப்படியே நின்றது.

இப்போது துடைத்தால் கார் சரியாகிவிடும். சரியானதும் எல்லோரும் தண்ணீர் காய்ந்துவிட்டது என்பார்கள். பழி வெங்கட்டண்ணாவின் தலையில் ஒட்டிக்கொள்ளும், எந்தத் துணியாலும் துடைக்க முடியாதபடி. திருட்டுத்தனமாகச் சரிசெய்வது, சரிசெய்யாமலே இருப்பதைவிட மோசம்.

கைக்குட்டையைப் பாவாடைப் பைக்குள் திணித்தாள். முன்பக்கம் நடந்தாள்.

"அப்பா."

"இரு கிருத்தி."

"அப்பா, கியர் போடாம கேமராவை மட்டும் போட முடியுமா?"

ஹரிஷ்குமார் திரும்பினார். "பட்டன் இருக்கு. எதுக்கு?"

"போடுங்க. எல்லாரும் திரையைப் பாருங்க. நான் பின்னாடி போறேன். கியர் மட்டும் போட்டுடாதீங்க." அடுத்த வார்த்தைக்குக் கொஞ்சம் மூச்சு தேவைப்பட்டது. "வெங்கட்டண்ணா, உங்க துணி."

வெங்கட்டண்ணா துணியைக் கொடுத்தார். என்ன நடக்கிறது என்று அவருக்கும் புரியவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் அவரிடம் ஏதாவது கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

"ஏய், பூஜைப் பொட்டுடி. அழிக்கக் கூடாது," என்றாள் அம்மா.

"அழிக்கலைம்மா. இடம் மாத்தறேன்."

ஹரிஷ்குமார் வண்டியைப் போட்டுக் கேமரா பட்டனை அழுத்தினார்; கத்தல் மறுபடி தொடங்கியது. காருக்குள் நான்கு தலைகள் திரையை மொய்த்தன. முதலில் சிவப்பு கலைந்தது. பிறகு மஞ்சள், திரைச்சீலை விலகுவது போல ஒரு பக்கமாக விலகியது. பரங்கிக்காய் அளவுக்கு ஒரு மூக்கு தெரிந்தது. மூக்கு பின்வாங்கியதும் கிருத்திகாவின் முகம் தெரிந்தது. அவள் அழுதுவிடுகிற மாதிரி இருந்தாள். அவளுக்குப் பின்னால், கண்ணாடி இருக்கிறது என்று நினைத்தோ என்னவோ, தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்த சுப்புலக்ஷ்மியும் பளிச்சென்று தெரிந்தார்.

"டிஸ்ப்ளே நல்லாத்தான் இருக்கு," என்றார் க்ளென், பிரஷை வாயிலிருந்து எடுத்து.

கிருத்திகா பம்பரில் சென்சார் இருந்த ஒவ்வொரு வட்டமாகத் துடைத்தாள். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு சிவப்புக் கோடு அணைந்தது. சந்தனம் விளிம்பில் காய்ந்து இறுகிப்போயிருந்தது. வெங்கட்டண்ணா பக்கத்தில் உட்கார்ந்து, துணியைக் கட்டை விரலில் சுற்றி விளிம்போடு சுழற்றக் கற்றுக்கொடுத்தார். முன்பக்கம், உள்ளே இன்னொரு சென்சாரை ஒளித்துவைத்திருந்த முத்திரையைத் துடைத்ததும் கடைசிச் சத்தமும் நின்றது. அந்த அமைதியில் இரண்டாவது மாடிக் குக்கரின் விசில் கேட்டது.

"அம்மா மூணுதான் வெச்சாங்க," என்றாள் கிருத்திகா, யார் முகத்தையும் பார்க்காமல். "மீதி பத்தும் நான் வெச்சேன். சந்தனம் வீணாப்போகுதேன்னு. அண்ணா தண்ணி ஊத்தலை."

அடுத்த இரண்டு விநாடி கிருத்திகாவுக்கு ஓசூர் வரை நீண்டது.

"கண்ணுல போய் பொட்டு வெச்சா யாருக்குத்தான் பாப்பா தெரியும்?" என்றார் வெங்கட்டண்ணா.

முதலில் சிரித்தது அம்மா. பிறகு க்ளென், பற்பசை சட்டையில் வழிய வழிய. ஹரிஷ்குமார் சிரிக்கவில்லை. காரைவிட்டு இறங்கி நேரே வெங்கட்டண்ணாவிடம் போனார்.

"நான் உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் அண்ணா. கேக்காம நின்னுட்டேன். தப்பு."

"பர்வாயில்லை சார்," என்றார் அவர். ஆனால் துணியை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வேகமாகக் கேட்டைத் தாண்டி நடந்தார்.

சுப்புலக்ஷ்மி குரூப்பில் போட்ட செய்தியை அழித்தார். அழித்ததுதான் தப்பாகிவிட்டது. அழித்தது என்ன என்று கேட்டு மதியம் வரை வீட்டுக்கு வீடு போன் வந்தபடி இருந்தது.

ஓசூர் போகிற வழியில் கார் தானே ஸ்டியரிங்கைத் திருப்பியது, தானே நின்றது, தானே கிளம்பியது. கிருத்திகா எதையும் பார்க்கவில்லை. "அப்பா, அண்ணா நாளைக்கு வருவாரா?" என்று இரண்டு முறை கேட்டாள். அப்பா இரண்டு முறையும், "வருவார்னு நினைக்கிறேன்," என்றார். நினைக்கிறேன் என்ற வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவள் பால்கனியில் நின்றாள். கீழே யாரும் இல்லை. ஐந்து முப்பத்தைந்து. ஐந்து நாற்பது. கம்பியைப் பிடித்த கை சில்லிட்டிருந்தது.

கேட் கிறீச்சிட்டது. குழாயடியில் பக்கெட் நங்கென்று உட்கார்ந்தது.

"பஸ் லேட்டு பாப்பா," என்று வெங்கட்டண்ணா அண்ணாந்து பார்த்தார். "கீழே வா. எந்த வண்டிக்கு எங்கெங்கே கண்ணுன்னு காட்டிடு. எனக்கும் தெரியணும்."

இரண்டு பேரும் காருக்குக் கார் குனிந்து தேடினார்கள். ஏழாவது சுப்புலக்ஷ்மியின் கார். அதன் பின்பக்கக் கண்ணின் மேலேயே, ஒரு ரூபாய் நாணயம் அகலத்தில், அழகாக ஒரு பொட்டு.

இருவரும் நிமிர்ந்தார்கள். மூன்றாவது மாடிப் பால்கனியில் சுப்புலக்ஷ்மி ஒரு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தொட்டி நிரம்பி வழிந்தும் விட்டுக்கொண்டே இருந்தார்.

"தொடைக்கட்டுமாம்மா?" என்று கேட்டார் வெங்கட்டண்ணா.

"ஒந்து நிமிஷ, ஒரு நிமிஷம்," என்ற சுப்புலக்ஷ்மி, தானே ஒரு துணியை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி வந்தார். பொட்டைத் துடைத்தார். துணியை மடித்தார், மறுபடி பிரித்து மடித்தார்.

"காபி ஆச்சா வெங்கட்?" என்றார். ஆறு வருடத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெங்கட்டண்ணா கிருத்திகாவைப் பார்த்தார். இல்லைன்னு சொல்லுங்க என்பது போல, கிருத்திகா வேகமாகத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"இன்னும் இல்லைம்மா," என்றார் அவர்.