குமாஸ்தா கால் துடைக்கிறார்

மாடியறையை விட்டு வெளியே வைத்த கால் ஈரத்தில் பட்டது. பெரியவர் குனிந்து பார்த்தார். வாசலில் போட்டிருந்த கால்மிதி நனைந்து, ஓரம் சுருண்டு, யாரோ வெகுநேரம் நின்று காலைத் தேய்த்ததுபோல் நடுவில் நார் படிந்து கிடந்தது. சாயங்காலத்திலிருந்து மழை பெய்கிறதுதான். ஆனால் மாடிக்கு ஒருவரும் ஏறி வரவில்லை. மனைவிக்கு மூட்டுவலி, தம்பி கீழே கூடத்தில் இருக்கிறான். படிகளில் ஒரு சொட்டு ஈரம் கூட இல்லை.

கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் மனைவியின் சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல், மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கும் அந்தச் சிரிப்பைத் தன் பேச்சுக்காக அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தம்பி வரையும் குமாஸ்தாவுக்குத்தான் அது வரும்.

அவர்களுடைய அப்பா நீதிபதிகளையும் கல்லூரித் தலைவர்களையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். அந்தப் படங்களில் எல்லாரும் நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்டவரின் பிள்ளைகள் இன்று கொலைச் சித்திரக்கதை போட்டுப் பிழைக்கிறார்கள். கதையின் நாயகன் ஒல்லியான ஒரு குமாஸ்தா. தலையில் தொப்பி, அக்குளில் குடை. தன்னை அவமானப்படுத்தியவர்களின் வீடு தேடிப் போவான். உள்ளே நுழையுமுன் கால்மிதியில் நின்று ஒவ்வொரு காலாகத் துடைப்பான். "கொலை பண்றது வேற, வீட்டை அழுக்கு பண்றது வேறங்க" என்பான். பிறகு கதவைத் திறந்து, தொப்பியை எடுத்து வணங்கி, காரியத்தை முடிப்பான். எறும்பை மிதிக்காத மனிதர்கள் கூட அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். எங்கோ, யார் முன்னாலோ, பல்லைக் கடித்துக்கொண்டு கைகட்டி நின்ற எல்லாருக்கும் அவன் வேண்டியவனாகிவிட்டான். காகிதத்தில் இருக்கும் ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது குடும்பத்துக்கு மூத்தவன் செய்கிற காரியமா என்று பெரியவர் தன்னையே கேட்டுக்கொள்வார். வயிறு எரிவது மட்டும் நிற்காது.

அவர் படியின் மேல் நின்று காதைக் கொடுத்தார்.

"போதும் தம்பி, வயிறு வலிக்குது. இந்தக் குமாஸ்தாவைக் கட்டியிருந்தா வீடாவது சுத்தமா இருந்திருக்கும்."

"அண்ணன் காதுல விழப்போகுது அண்ணி."

"விழட்டுமே. அவருக்கு என்ன தெரியும்? மாமா வரைஞ்ச படம் மாதிரி விறைப்பா உட்காரத் தெரியும்."

பெரியவர் தொண்டையைச் செருமினார். "யாராவது மேல வந்தீங்களா?"

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இல்லையேங்க. ஏன்?"

"கால்மிதி நனைஞ்சிருக்கு."

பிறகு தம்பியின் குரல், மிகவும் மரியாதையாக: "குமாஸ்தாவா இருக்கும் அண்ணா."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பெரியவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

மேஜையில் இந்த வாரத்துக் கடைசிப் பக்கம் முடியாமல் கிடந்தது. தம்பி பென்சிலில் போட்டு அனுப்புவான். அண்ணன் மேலே மை தீட்டுவார். சாகிறவனின் முகத்தையும் அவன் தலைக்கு மேலுள்ள பேச்சு வட்டத்தையும் தம்பி வெறுமையாக விட்டுவிடுவான். முகம் அண்ணனுடைய வேலை. அது முடிந்து பக்கம் கீழே போனபிறகுதான் வட்டத்துக்குள் வேடிக்கையை எழுதுவான். "பயந்த மூஞ்சியைப் பார்த்தாத்தான் அண்ணா எனக்கு வசனமே வரும்" என்பான். தெருவில் போகிற யார் முகத்தை வேண்டுமானாலும் போடலாம். குடும்பத்து முகம் மட்டும் கூடாது. அது பெரியவரே வகுத்த விதி.

இன்று அந்த விதியை அவர் மீறினார். தம்பியின் முகத்தைப் போட்டார்.

மை படாமலிருக்க, முகத்துக்கான இடத்தை மட்டும் விட்டுப் பக்கம் முழுவதையும் ஒற்றுக் காகிதத்தால் மூடிக்கொண்டார். வழக்கம்போல எதிரில் கண்ணாடியை வைத்து, தன் முகத்தில் பயத்தை வரவழைத்து, பிதுங்கும் கண்ணையும் திறந்த வாயையும் பார்த்துப் பார்த்துத் தீட்டினார். எப்போதும் கடைசியில் மூக்கையும் நெற்றியையும் மாற்றிவிடுவார், ஆள் வேறாகிவிடும். இப்போது மாற்ற வேண்டியிருக்கவில்லை. தம்பிக்கும் அதே மூக்கு, அதே நெற்றி, அப்பா கொடுத்தவை. மீசை ஒன்றைச் சேர்த்தார். தூரிகை இனிமையாக ஓடியது. இதற்கு என்ன வசனம் எழுதுகிறான் பார்ப்போம்.

ஒற்றுக் காகிதத்தை எடுத்து, அப்போதுதான் கட்டத்தை முழுதாகப் பார்த்தார்.

கட்டத்தில் சாய்வு மேஜை. மேஜையில் கண்ணாடி, பக்கத்தில் விளக்கு. சின்ன வயதிலிருந்து பார்த்த அறையைத்தான் தம்பி போட்டிருந்தான். இந்த அறை. மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனின் கண்ணில் தம்பியின் குறும்பு இல்லை. வாயில் அவனுடைய தளர்ச்சி இல்லை. கண்ணாடியில் எதைப் பார்த்தாரோ அதையே தீட்டியிருந்தார். ஒட்டவைத்த மீசைக்கு மேலே அவருடைய சொந்த முகம் அவரையே பார்த்து அலறியது.

வெள்ளை வண்ணப் புட்டியை எடுத்தார். முகத்தின்மேல் ஒரு பூச்சு. மை அதை மீறி எழுந்து வந்தது. இன்னொரு பூச்சு. கண்கள் மறுபடியும் கறுத்தன.

கதவுக்கு வெளியே சத்தம் கேட்டது.

வறக்.

தேங்காய் நாரில் தோல் செருப்பு உரசும் சத்தம். அவசரமில்லாத சத்தம். மழைநீரும் பழைய காகிதமும் கலந்த ஒரு வாடை கதவிடுக்கு வழியாக வந்தது.

வறக். வறக்.

இடது கால். இனி வலது.

"யாரது?"

சத்தம் நின்றது. மரியாதையாக. பிறகு தொடர்ந்தது.

கீழே அவர்கள் இருந்தார்கள். ஒரு குரல் கொடுத்தால் தம்பி ஓடி வந்துவிடுவான். வந்து, கால்மிதியைப் பார்ப்பான். பக்கத்தைப் பார்ப்பான். அண்ணன் முகத்தைப் பார்ப்பான். அண்ணியைக் கூப்பிடுவான். வாய் வரைக்கும் வந்த குரலைப் பெரியவர் விழுங்கினார்.

உரசல் ஓய்ந்தது.

கைப்பிடி திரும்பியது.

அவர் எழவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டார். இரண்டு கைகளையும் நாற்காலியின் கைகளில் வைத்தார். அப்பாவின் படத்தில் உட்கார்வதுபோல. கண்ணாடியில் கதவு திறந்தது. முதலில் குடை. பிறகு ஒல்லியாய் ஒரு தோள், மை காயாதது. தொப்பி மெல்ல உயர்ந்தது.

கண்ணாடிக்குள் தன் தலைக்கு மேலே ஏதோ வெளுப்பதைப் பெரியவர் பார்த்தார். சுவருக்கு முன்னால் காற்றில் தொங்கியது ஒரு பேச்சு வட்டம். கறுப்புக் கோடு சுற்றி வந்து மூடிக்கொண்டது. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை.

அவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

வட்டத்தின் இடது ஓரத்தில், தம்பியின் கையெழுத்தில், முதல் எழுத்து விழுந்தது.

கீழே அவர் மனைவி சிரிக்கத் தொடங்கினாள்.