மாடத்தியின் கதவு

மனித மனம் ஒரு பேரண்டம். அதன் இருளை வென்றவனுக்கு இவ்வுலகில் அஞ்சத்தக்கது எதுவுமில்லை.

இந்த மகாவாக்கியம் மனவளப் பயிற்றுநர் புகழேந்தியின் துண்டறிக்கையில் தடித்த எழுத்தில் இருந்தது. சிவகாசியில் மலிவாக அச்சடித்தது. முருகன் காலண்டர் வெட்டியபோது மிஞ்சிய ஓரத்தாள் என்பதால், பின்பக்கம் திருப்பினால் மயில் தோகையிலிருந்து ஒரே ஒரு கண் நம்மைப் பார்க்கும். புகழேந்தி முன்பு சூலக்கரையில் தட்டச்சு நிலையம் வைத்திருந்தார். கம்ப்யூட்டர் வந்து அதை விழுங்கியதும், மதுரையில் ஒரு வாரக் கடைசி முகாமுக்குப் போனார். மனத்தின் ஆழங்களை எல்லாம் அளந்தவராகத் திரும்பி வந்தார். பணியிடத்து மன அழுத்தத்தை வேரோடு பிடுங்கித் தருவதாக அறிக்கை சொன்னது. அவரே மாத்திரை போட்டுத்தான் தூங்குகிறார் என்பதை அது சொல்லவில்லை. தாளில் இடம் போதவில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, நாரணாபுரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் கம்பெனி வேன் அவரைக் கேட்டில் இறக்கிவிட்டுப் போனது. தெளிவான வெயில். காற்றில் கந்தகமும் காய்ந்த வேப்பிலையும் சேர்ந்த ஒரு வாடை. பயப்பட அங்கே எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

காவலாளி சோணைமுத்து அவருடைய செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, காலைப் பார்த்தார்.

"பூட்ஸயும் கழத்திருங்க சார்."

தான் வேலைக்கு வந்த ஆள் இல்லை, பயிற்சி கொடுக்க வந்தவன் என்று புகழேந்தி விளக்கினார்.

"கலெக்டரே வந்தாலும் கழத்தணும் சார். அடியில ஆணி இருக்கும். ஒரசுனா பொறி."

புகழேந்தி ரொம்ப நேரம் தயங்கினார். பிறகு சோணைமுத்துவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஷூவையும் சாக்ஸையும் ஒரே இழுப்பில் கழற்றி, சாக்ஸை ஷூவுக்குள் ஆழமாகத் திணித்தார். ரப்பர் செருப்புகளின் வரிசையில் கடைசியாக அந்தக் கறுப்பு ஷூ பளபளத்தது.

"யாரும் எடுக்க மாட்டாக சார்," என்றார் சோணைமுத்து.

செல்போனை மட்டும் புகழேந்தி உடனே திருப்பிக் கேட்டு வாங்கி, அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெரிய ஆட்களுக்கு அவசர அழைப்புகள் வரும் என்றார்.

மேனேஜர் சங்கரலிங்கம் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொன்னார். பதினாலாம் நம்பர் அறை. புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறை. நாலு பேர் உட்கார வேண்டிய இடத்தில் மூன்று பெண்கள்தான் உட்காருவோம் என்று அடம்பிடிக்கிறார்கள். நாலாவதாக யாரை அனுப்பினாலும், அது மாடத்தி இடம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மாடத்தி இரண்டு வருஷத்துக்கு முந்தைய சீசனில் அந்த அறையில் செத்துப்போனவள். இதைச் சொல்லும்போது சங்கரலிங்கம் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் டென்சன் சார். வடக்க போகவேண்டிய லோடு நிக்குது. அங்கன ஒண்ணும் இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா, திங்கக்கிழம நாலாவது ஆளப் போட்டுருவேன். ஒத்துக்கிடலைன்னா மூணு பேத்தையும் வெளிய அனுப்பிருவேன்."

வகுப்பு நன்றாக நடந்தால் முதலாளியின் மற்ற கம்பெனிகளுக்கும் அவரே ஏற்பாடு செய்வாராம். அறை வரைக்கும் கூட வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வேலை இருக்கிறதாம். வேறு எந்த அறைக்கும் அவர் போவார், பதினாலுக்கு மட்டும் இந்த இரண்டு வருஷமாகப் போனதில்லை என்பதைப் புகழேந்தி அப்போது அறியவில்லை.

பட்டாசுக் கம்பெனியில் அறைகள் ஒன்றையொன்று தொடாது. ஒன்று போனால் மற்றது பிழைக்கட்டும் என்று தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். நடுவே சுடு மணல். புகழேந்தி வெறுங்காலில் ஒரு விதமாகத் துள்ளித் துள்ளி நடந்து போனார். பதினாலாம் அறை வாசலில் ஒரு செப்புத் தகடு பதித்திருந்தது. உள்ளே போகிறவர்கள் உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக அதைத் தொடுவார்கள். புகழேந்தி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே இருந்த மூன்று பேரில் இளையவளான ரோஜா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைய வேலை முடிந்திருந்தது. மருந்தெல்லாம் போய், தரை ஈரத்துணியால் துடைத்திருந்தது. சின்ன அறை. நாலு சுவரிலும் நாலு கதவு, நாலும் விரியத் திறந்திருந்தன. மூன்று கதவருகே மூன்று பெண்கள். நாலாவது கதவருகே ஒரு சாக்கு மட்டும் மடித்துப் போட்டிருந்தது. ஆள் இல்லை.

மூத்தவள் வீரலட்சுமிதான் பேசினாள். வீட்டில் அவள் சம்பாத்தியம் ஒன்றுதான். சீசன் நடுவில் பேய் பிடித்தவள் என்று வெளியே அனுப்பினால் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் சேர்க்காது. அது தெரிந்துதான் அவள் அவ்வளவு மெதுவாகப் பேசினாள்.

"நாலு கதவுக்கு நாலு ஆளு சார். ஆளுக்கொரு கதவு. பொறி தட்டுனா யோசிக்கப்படாது. அவுக அவுக கதவு வழியாப் பாஞ்சிரணும்."

மாடத்தி செத்த வருஷம் ஆர்டர் அதிகம். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று சொல்லி மேனேஜர் மாடத்தியை ஐந்தாவதாகக் கூட்டிவந்து நடுவில் உட்கார வைத்திருக்கிறார். பொறி தட்டியது. நாலு பேரும் நாலு கதவு வழியாகப் பாய்ந்தார்கள்.

"எந்தக் கதவுக்குப் போகன்னு அவ பாத்துக்கிட்டே நின்னுருக்கா சார். கடைசியா என் முதுகத்தான் பாத்திருப்பா."

வீரலட்சுமி தரையைப் பார்த்தாள். இன்னொருத்தி, பாக்கியவதி, வாய்க்குள் இயேசுவை அழைத்தாள். அதனால்தான் ஒரு கதவை மாடத்திக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். அதில் வேறு ஆளை உட்கார வைத்தால் மாடத்திக்கு மறுபடியும் கதவில்லாமல் போய்விடும். இவர்கள் கேட்டது அவ்வளவுதான். நாலு ஆள் வேலையை மூன்று பேராகச் செய்து கொடுக்கவும் தயாராக இருந்தார்கள்.

புகழேந்தி கனிவோடு சிரித்தார். இதற்கு விஞ்ஞானத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்றார். பெயர் உடனே நினைவுக்கு வராததால், பெயர் முக்கியமல்ல என்றும் சொன்னார். பிறகு சாக்கை உதறிவிட்டு, நாலாவது கதவுக்கு முதுகைக் கொடுத்து அதில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கதவுகளை அடைக்கச் சொன்னார்.

"ஆளு உள்ள இருக்கையில கதவ அடைக்க மாட்டோம் சார்," என்றாள் ரோஜா.

மருந்தே இல்லாத அறையில் என்ன பயம் என்று கேட்டார் புகழேந்தி. மூன்று பேருக்கும் திங்கள்கிழமை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அடைத்தார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவுக்கு அவரே கொண்டி போட்டார்.

வெளியே பட்டப்பகல். உள்ளே கை தெரியாத இருட்டு. விளக்கு வைக்கிற வழக்கமே இல்லாத அறை அது. சுவர்கள் பகல் முழுக்கக் குடித்த வெயிலை மெல்ல உமிழ்ந்துகொண்டிருந்தன. துடைத்த பிறகும் விட்டுப்போகாத மருந்து வாடை தொண்டையில் உலோகச் சுவையாக ஏறியது.

கண்களை மூடிக்கொள்ளுங்கள், நான் சொல்லும்வரை யாரும் திறக்கக் கூடாது என்றார் புகழேந்தி. மூச்சை இழுங்கள் என்றார். விடுங்கள் என்றார். முகாமில் கற்ற அந்தக் குழைந்த குரல் அவருக்கே சுகமாக இருந்தது.

இடப்பக்கம் ஒரு மூச்சு. வலப்பக்கம் ஒன்று. எதிரே ஒன்று.

நடுவில் ஒன்று.

அது மற்றவற்றைவிடச் சற்றுத் தாமதமாக வந்தது. இழுக்கிற சத்தம் கேட்டது. விடுகிற சத்தம் கேட்கவில்லை.

புகழேந்தி கண்ணைத் திறந்தார். திறந்ததற்கும் மூடியதற்கும் வித்தியாசம் இல்லை.

யாரும் நகர வேண்டாம் என்றார். யாரும் நகரவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. ஆனாலும் சிமெண்டுத் தரையில் சேலை இழுபடுகிற சரசரப்பு கேட்டது. கூடவே கருகிய மல்லிகையின் வாடை. அதற்கும் அடியில், பொசுங்கிய முடி.

சரசரப்பு அவர் பக்கமாகத்தான் வந்தது.

மனித மனம் ஒரு பேரண்டம் என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தார். அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை.

காதோரம் வெக்கை அடித்தது. ஒரு குரல், கேட்கிறவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதே என்பதுபோல மரியாதையாகச் சொன்னது:

"சார், கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. அது என் கதவு."

புகழேந்தி எழுந்து எதிர்ப்பக்கம் பாய்ந்தார். எதன் மேலோ மிதித்தார். ஒரு கதவைத் தோளால் இடித்துக்கொண்டு வெளியே விழுந்தார். மணல், மேனேஜர் அறை, கேட், கருவேல முள் காடு, எல்லாம் தாண்டி ரோட்டுக்கு வந்து, வந்த பஸ்ஸில் ஏறினார்.

அவர் மிதித்தது வீரலட்சுமியின் கையை. அவள் அந்தக் கையை மடியில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தாள். சொல்லும்வரை திறக்கக் கூடாது என்று சார் சொல்லியிருந்தார். மற்ற இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"அக்கா, சார் போயிட்டாரா?" என்று ரோஜா மெதுவாகக் கேட்டாள்.

"போயிட்டாரு."

"எந்தக் கதவு வழியா?"

"என் கதவு வழியா."

பிறகு, யாரும் எழுந்திருக்காமலே, நாலாவது கதவின் கொண்டி விலகுகிற சத்தம் கேட்டது. அந்தக் கதவு மெல்லத் திறந்து, அந்தப் பக்கத்து வெயிலும் உள்ளே வந்தது.

சாயங்காலம் புகழேந்தி வாளித் தண்ணீரில் காலை வைத்து முள் எடுத்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. மேனேஜர். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டீர்களே என்றார். வீட்டிலிருந்து அவசர அழைப்பு என்றார் புகழேந்தி.

"அங்கன ஒண்ணும் இல்லல்ல சார்?"

கேட்டவரின் குரல் கொஞ்சம் கெஞ்சியது. இருக்கிறது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். மூன்று பேர் பிழைப்பு தப்பிக்கும். ஆனால் இருளை வென்றவர் எப்படி அதைச் சொல்வது?

"ஒன்றுமில்லை. சுத்தமான மன அழுத்தம்," என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெண்கள்தான் பயந்து கத்திக் கலவரம் செய்தார்கள், அந்த இடத்தில் உட்கார்ந்தபோது தனக்கு மனம் நிம்மதியாக இருந்தது என்றும் சேர்த்தார். வாளித் தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது.

திங்கள்கிழமை காலை மேனேஜர் அனுப்பிய புது ஆள் பதினாலாம் அறைக்குப் போனவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். நாலாவது கதவருகே, சாக்கின் மேல், ஒரு ஜோடி கறுப்பு ஷூ. யாரோ புறப்படுவதற்குத் தோதாக முனையை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கம்பெனி பூட்டிக் கிடந்தது. ஆனாலும் ஷூவின் இரண்டு பக்கமும் வெள்ளி நிறத்தில் விரல் தடங்கள். மருந்துக்கு அலுமினியத் தூள் கலக்கிற கை வைத்த தடங்கள்.

சோணைமுத்து அதைக் குச்சியால் தூக்கிக் கேட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் காலை அது திரும்பவும் சாக்கின் மேல் இருந்தது. புது ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

சங்கரலிங்கம் நேரில் வந்தார். செப்புத் தகட்டைத் தொட்ட கையை எடுக்காமல் வாசலிலேயே நின்றார். வீரலட்சுமி கட்டுப்போட்ட கையோடு எழுந்து நின்றாள்.

"நாலு ஆளு வேணும்னுதான சொன்னீக? மூணு பேரு நாங்க இருக்கோம். நாலாவதா சார் இருக்காருல்ல."

சிரிப்பை அடக்க முடியாமல் ரோஜா தன் கதவு வழியாக வெளியே போனாள். சங்கரலிங்கம் சிரிக்கவில்லை. அவர் ஷூவைப் பார்க்கவே இல்லை. கதவே இல்லாத அந்த நடுத்தரையைப் பார்த்தார். திரும்பி நடந்தார். அதன் பிறகு நாலாவது ஆள் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. லோடு தாமதமாகத்தான் போனது. மூன்று பேரும் அங்கேயே வேலை பார்க்கிறார்கள்.

புகழேந்தி இப்போதும் வகுப்பு எடுக்கிறார். மண்டபத்தின் எல்லாக் கதவுகளும் திறந்திருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. காற்றோட்டத்துக்காம். சோணைமுத்து ஒருமுறை போன் செய்து, உங்கள் பூட்ஸ் இங்கே இருக்கிறது என்று சொன்னார். அது தன்னுடையது இல்லை என்றார் புகழேந்தி.

ஷூ பதினாலாம் அறையிலேயே இருக்கிறது. யாரும் தொடுவதில்லை, ஆனால் அதில் தூசி படிவதும் இல்லை. உள்ளே சாக்ஸும் அப்படியே இருக்கிறது. வலது சாக்ஸில் பெருவிரல் இடத்தில் ஓட்டை.